சிறகு வராத மின்மினி

தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். கேட்டபோதும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி, பக்கத்து மேசையில் ஒருவர் தவறான பெயரை அழகான எழுத்தில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருந்தால் அரை நிமிட வேலை. திறக்கவில்லை. எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்த அரை நிமிடம் இன்னும் என்னோடு இருக்கிறது.

எழுதிக்கொண்டிருந்தவர் எங்கள் பாடசாலையின் விஞ்ஞான டீச்சர். ஹட்டனுக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில் ஒரு தோட்டப் பாடசாலை. நான் அங்கே விஞ்ஞானப் பகுதிக்குப் பொறுப்பாசிரியர். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் மிதப்பும் உண்டு. அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பிள்ளைகள் 'டீச்சர்' என்று மட்டும் சொன்னாலே, பாடசாலையில் இருந்த அத்தனை டீச்சர்மாரில் அது இவரைத்தான் குறிக்கும்.

காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே தொடங்கிவிடுவார்.

"பிள்ளைகளா, நேத்து நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு."

இதைச் சொல்லும் குரலை எப்படி விளக்குவது? ஊரிலிருந்து பார்சல் வந்திருக்கிறது என்று ஒருவர் சொல்வாரே, அந்தக் குரல். முகம் மலர்ந்துவிடும். பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். நேற்று வேர் என்று சொன்னது உண்மையில் தண்டு. நேற்று ஆண் பறவை என்று காட்டியது பெண். அடித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொல்லமாட்டார். பிழையை அப்படியே விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்வார். "ரெண்டும் இருக்கட்டும். எப்படி வந்தோம்னு தெரியணும்ல."

எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "இன்னைக்கி என்ன தப்பு டீச்சர்?" என்று ஆசிரியர் அறையில் யாராவது தினமும் கேட்பார்கள். அவர் கோபிக்கவே மாட்டார். இருந்தால் சொல்வார். இல்லாவிட்டால், "இன்னும் கண்டுபிடிக்கல" என்பார்.

பாடத்தில் மட்டும்தான் இப்படி என்றில்லை. ஒருமுறை அவருடைய போஞ்சிக் கொடிகளை ஏதோ கடித்துப் போட்டுவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்தில் ஓர் அம்மாவிடம் ஆடு இருந்தது. டீச்சர் நேராகப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். அடுத்த நாள் பாத்தியில் குனிந்து பார்த்தபோது கிடந்தது முயல் புழுக்கை. அன்று மாலையே குடையை எடுத்துக்கொண்டு மறுபடி லயத்துக்கு இறங்கினார். திரும்பி வந்தவரிடம் நான் கேட்டேன்:

"என்ன டீச்சர், மன்னிப்பு கேட்டாச்சா?"

"கேட்டாச்சு சேர். அந்தக்கா சிரிக்கிறாங்க. ஆட்டுக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ஆடு என்ன சொல்லிச்சு?"

"மூஞ்சத் திருப்பிக்கிருச்சு. அதுக்கு உரிமை இருக்குல்ல."

அவருடைய கைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று வெற்று ஜாம் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். மூடியில் ஆணியால் ஓட்டை குத்தியிருப்பார். அந்தச் சத்தம் வராந்தாவில் கேட்டால், அடுத்து என் மேசைக்கு அருகில் அவர் நிற்பார். "சேர், ஒரு சந்தேகம்." ஒவ்வொரு நாளும் இந்த மூன்று சொற்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. பாடசாலையில் யார் யாரோ இருக்க, என்னிடம்தானே வருகிறார்.

அந்தப் பெருமையில் கீறல் விழுந்தது ஒரு நுரைக் கட்டியால்.

பாடசாலைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதன்மேல் சாய்ந்த கிளையில் வெள்ளையாக ஒரு நுரைக் கட்டி தொங்கியது. பத்தாம் தரப் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். ஏதோ பூச்சி துப்பிய எச்சில் என்று சொன்னேன். அப்படி நுரை துப்பும் பூச்சிகள் இருப்பது உண்மைதான். நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பிள்ளைகள் அவரிடமும் கேட்டிருக்கிறார்கள். அவர் தவளை முட்டையாக இருக்கலாம் என்றிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கிளையை ஒடித்து வந்து, என் வகுப்பிலேயே, தண்ணீர் ஊற்றிய பேசினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்.

"சேரும் ஒண்ணு சொல்றாங்க, நானும் ஒண்ணு சொல்றேன். யாரு தப்புன்னு பாத்துருவமா?"

சில நாட்களில், நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் 'டொப்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிள்ளைகள் கத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள். நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகப் பேசினில் விழுந்துகொண்டிருந்தன. சத்தம் கேட்டு டீச்சர் அடுத்த வகுப்பிலிருந்து ஓடிவந்தார். "அப்போ சேர் சொன்னது தப்பு!" என்றார், அதே பார்சல் வந்த குரலில். உடனே, "போன வருசம் நானும் எச்சிலுன்னுதான் நெனச்சேன்" என்றும் சொன்னார். இரண்டாவது வாக்கியம் என் காதில் ஏறவில்லை. முதல் வாக்கியம் இறங்கவில்லை.

அவர் வேறு எவரையும்விட என்னைத் தாழ்த்தவில்லை, தன்னை நடத்துவதுபோலத்தான் என்னையும் நடத்தினார். அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம், பத்தாம் தரத்துக்கு முன்னால் நான் பிழை என்று ஒருவர் மகிழ்ச்சியாகச் சொன்னார் என்பதுதான். அந்த ஆண்டு நுவரெலியாவில் நடக்கவிருந்த விஞ்ஞானக் கண்காட்சியின் பொறுப்பைப் பாடசாலை அதிபர் அவரிடம் கொடுத்தார். அதற்குமுன் அது எப்போதும் என்னுடையது.

கண்காட்சிக்கு மின்மினியை வைக்கலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். அவர்கள் சொன்னது பறந்து மினுக்கும் சின்ன மின்மினியை அல்ல. மழை பிடிக்கும் காலத்தில், தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கான்களின் ஓரத்தில், மண்மேட்டுப் புல்லில், விரல் நீளத்துக்கு வெளிறிய மஞ்சளாக ஒன்று கிடக்கும். சிறகு கிடையாது. வாலில் பச்சை வெளிச்சம். மினுக்காது, நின்று எரியும். லயத்துப் பிள்ளைகள் அதை லைட்டுப் புழு என்பார்கள். டீச்சர் ஒன்றைப் பிடித்துவரச் செய்து, ஜாம் போத்தலில் மண்ணும் பாசியும் போட்டு வைத்தார்.

இது என்ன? அதுதான் கேள்வி. எங்களிடம் இருந்த புத்தகத்தில் மின்மினிக்கு இரண்டே படங்கள்: சிறகுள்ள வண்டு ஒன்று, சிறகில்லாத குடம்பி ஒன்று. குடம்பி என்றால் புழுப்பருவம். போத்தலில் இருந்ததற்குச் சிறகில்லை. ஆகவே குடம்பி. டீச்சர் அப்படித்தான் முடிவு செய்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள். மின்மினிக் குடம்பி நத்தையைத் தின்னும் என்று புத்தகம் சொன்னது. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு நத்தை பொறுக்கி வந்தார்கள். சாப்பிட்டு வளரும், கூட்டுப்புழுவாகும், சிறகோடு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு மாலை. மழை விட்டிருந்தது. என் விடுதிக்குப் பின்னால், கானை அடைத்திருந்த சருகைத் தள்ளப் போனேன். மண்மேட்டில் அதேபோல் ஒன்று வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. வாலை முறுக்கி, வெளிச்சம் மேலே தெரியும்படி தூக்கிப் பிடித்திருந்தது. இருட்டத் தொடங்கும் நேரம். சிறகுள்ள பழுப்பு வண்டு ஒன்று எங்கிருந்தோ வந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, புல்லில் விழுந்து, தட்டுத்தடுமாறி நடந்து அதனிடம் போனது. நான் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். இணைந்தன.

வளராத குஞ்சைத் தேடி ஆண் வராது. இந்த வகையில் பெண்ணுக்குச் சிறகே முளைக்காது. புழுபோல இருப்பதே அதன் முழு வளர்ச்சி. போத்தலில் இருந்தது குடம்பி அல்ல. அது வளர்ந்து முடிந்த பெண். அது நத்தையைத் தின்னாது. எதையுமே தின்னாது. ஆண் வருவதற்காக வெளிச்சம் போடும், முட்டையிடும், சாகும். அதற்கு இருப்பது சில நாட்களே. நான் விலங்கியல் படித்தவன். அந்த ஈர மண்ணில் குந்தியிருந்தபோதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் காலையில் வராந்தாவில் போத்தல் சத்தம் கேட்டது.

"சேர், ஒரு சந்தேகம். இது ஏன் நத்தையத் தொடவே மாட்டேங்குது? சின்னதா நறுக்கிக்கூட வச்சுப் பாத்துட்டேன்."

போத்தலை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். உள்ளே அது கண்ணாடியில் ஏறி ஏறி வழுக்கிக்கொண்டிருந்தது.

"புது எடந்தானே டீச்சர், பழகட்டும்" என்றேன்.

"அப்படியா? ராத்திரி பூரா வெளிச்சம் போடுது சேர். பசியில போடுதோ என்னமோ."

"இருக்கலாம்."

அவர் தன் மேசைக்குப் போய் அட்டையில் எழுத உட்கார்ந்தார். 'மின்மினியின் குடம்பி. வளர்ந்ததும் சிறகு முளைக்கும்.' நான் பிளேன்டீயைக் குடித்து முடித்தேன்.

கண்காட்சியில் எங்கள் மேசைக்குப் பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள் நின்றார்கள். இருவரும் கொழுந்து பறிப்பவர்களின் மகள்மார். புதிதாகத் தோய்த்த சீருடை, எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல். பாடமாக்கியதை மாறி மாறிச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த இளம் பெண் விரிவுரையாளர் ஒருவர் நின்று கேட்டார். பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, குடம்பின்னா முதுகுல கறுப்பா தட்டுத் தட்டா ஓடு மாதிரி இருக்கணும். இதப் பாருங்க, வெளிறிப்போய் மெத்துனு இருக்கு. இது குடம்பி இல்ல. முழுசா வளந்த பொம்பளப் பூச்சி. இதுக்கு இனிமே சிறகு வராது."

மூத்தவள் பாவம், நிறுத்தத் தெரியாமல் அடுத்த வரியைச் சொன்னாள்: "இது நத்தைகளை உண்டு வேகமாக வளர்கிறது." பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வலயக் கல்வி அதிகாரியும் சிரித்தார்.

நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் வாடுவதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

முகம் வாடவில்லை. "அப்படியா மிஸ்!" என்று கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார். அட்டையை எடுத்து, குடம்பி என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 'வளர்ந்த பெண்' என்று எழுதி, மறுபடி மேசையில் வைத்தார். விரிவுரையாளர் அந்த இனத்தின் விலங்கியல் பெயரைச் சொன்னார். அதையும் கீழே எழுதிக்கொண்டார். பிறகுதான் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். இளையவள் கைக்குட்டையால் வாயைப் பொத்தி நின்றாள். அப்போதுதான் டீச்சரின் முகம் மாறியது.

திரும்பி வந்த பஸ்ஸில் போத்தல் அவர் மடியில் இருந்தது. வெளிச்சம் மங்கிவிட்டது. நான் பின் சீட்டில் இருந்தேன். நானுஓயா தாண்டியதும் திரும்பி என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"மாப்பிள்ளைக்காகக் காத்துக்கிட்டு இருந்தவள புடிச்சு அடைச்சு வச்சு, தின்னு தின்னுன்னு கொன்னுருக்கேன் சேர்."

"உங்களுக்குத் தெரியாதுதானே டீச்சர்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மையான வாக்கியங்களில் இதைவிடக் கேவலமான ஒன்று இல்லை.

பாடசாலைக்கு வந்ததும், இருட்டிக்கொண்டிருந்த மண்மேட்டில் அதைக் கொண்டுபோய் விட்டார். "யாராவது வரட்டும்" என்றார். காலையில் அது விட்ட இடத்திலேயே கிடந்தது.

அடுத்த ஆண்டு அவருக்குக் கந்தப்பளைப் பக்கம் இடமாற்றம் கிடைத்தது. பிரியாவிடையில் நான்தான் பேசினேன். நன்றாகப் பேசியதாக எல்லோரும் சொன்னார்கள்.

நான் ஓய்வு பெற்று இப்போது ஹட்டனில் மகளோடு இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் பழைய தேயிலைப் பாத்தி ஒன்று, அதற்கு மேல் மண்மேடு. போன மழைக்காலத்தில், சமையலறை ஜன்னல் வழியே அங்கே பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. "யாரோ போனைப் போட்டுட்டுப் போயிட்டாங்கப்பா" என்றாள் மகள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. மூன்று நாலு மாலைகள் அதே ஜன்னலில் நின்றேன். பிறகு ஒரு காலை கந்தப்பளைக்குப் பஸ் ஏறினேன்.

டீச்சருக்கும் தலை நரைத்திருந்தது. வாசலில் போஞ்சிக் கொடி. சுற்றிலும் முயலுக்காக வலை கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் அப்படி ஒரு சந்தோஷம். பிளேன்டீயும் ரொட்டியும் வந்தன. நான் தொடவில்லை.

மனதில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். கண்காட்சிக்கு முன்பே எனக்குத் தெரியும் என்றேன். நுரைக் கட்டியைச் சொன்னேன். என் வீட்டுக்குப் பின்னால் தெரிந்த வெளிச்சத்தையும் சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால் உங்களை அவமானப்பட வைத்துவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் எனக்கு நேரே வந்து உட்கார்ந்தார்.

"நா வந்து ஒங்ககிட்ட கேட்டேனே சேர், ஏன் திங்க மாட்டேங்குதுன்னு. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"முத நாளே?"

"நீங்க கேட்டதுக்கு முதல் நாள் மாலை பார்த்தேன்."

"அன்னைக்கி விட்டிருந்தா பொழைச்சிருக்கும்."

எழுந்து ஜன்னலிடம் போனார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"எனக்கு என்ன அவமானம்? நா தினம் தப்பு சொல்றவ. நீங்க தப்பான விசயத்துக்கு மன்னிப்பு கேக்குறீங்க சேர். அந்தப் பூச்சியால எங்கிட்ட சொல்ல முடியல, நீங்க சொல்லியிருக்கலாம். அந்த ரெண்டு புள்ளைங்களும் நாம சொல்லிக் குடுத்தத நம்பி வாயத் தொறந்துச்சுங்க. அதுங்களப் பாத்து எல்லாரும் சிரிக்க விட்டீங்களே."

நான் ஒரு பூச்சியைச் சரியாக இனங்கண்டவன். என் சொந்தத் தவறை இத்தனை வருடம் வேறு பெயரில் வைத்திருந்திருக்கிறேன்.

"டீ ஆறிருச்சு" என்றார். வேறு போட்டுத் தருவதாகச் சொல்லவில்லை. வாசல்வரை வந்தார். கையசைக்கவில்லை.

அந்த இரண்டு பிள்ளைகளையும் தேடினேன். மூத்தவள் குவைத்தில் இருக்கிறாளாம். இன்னும் என்னால் பேச முடியவில்லை. இளையவள் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி நடத்துகிறாள். போனேன். பிள்ளைகள் உட்காரும் சின்னஞ்சிறு கதிரைகளுக்கு நடுவே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"நாங்க ரெண்டு நாள் அழுதோம் சேர். ஆனா டீச்சர் அன்னைக்கே பஸ்ஸுல எங்க ரெண்டு பேருக்கிட்டயும் மன்னிப்பு கேட்டாங்க. தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்னு. பெரியவங்க ஒருத்தங்க எங்ககிட்ட மன்னிப்பு கேட்டு அன்னைக்கித்தான் மொத தடவ பாத்தேன்." கொஞ்சம் சிரித்தாள். "நீங்க ரெண்டாவது. ரொம்ப லேட்டு."

"ஆமாம்" என்றேன்.

"ஒக்காருங்க சேர். அந்தக் கதிர வேணாம், ஒடஞ்சிரும்."

அவளைக் கண்டதைப் பற்றி டீச்சருக்குச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. பிறகு அழைப்பதை விட்டுவிட்டேன். மூஞ்சைத் திருப்பிக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. மழைக்காலம் முடிந்தது, பனிக்காலம் வந்து போனது.

மறுபடி மழை பிடித்தது. மண்மேட்டில் மறுபடி பச்சை வெளிச்சம் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன், விளக்கு வைக்கும் நேரம், மகள் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"சேர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

"இங்க எங்க மேட்டுல ஒண்ணு வந்திருக்கு. பொம்பளதான், இந்தத் தடவ நல்லாப் பாத்துட்டேன். அன்னைக்கி அந்த மிஸ் பேரு சொன்னாங்கள்ல, அதுவும் இதுவும் ஒண்ணாத் தெரியல. இதுக்கு வால்ல ஒரே வெளிச்சம். அன்னைக்கிப் போத்தல்ல இருந்ததுக்கு எத்தனைன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகம் வரல. ஒங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்குன்னீங்களே, அதுக்கு ஒண்ணா ரெண்டா?"

அந்த வெளிச்சத்தை எத்தனை மாலைகள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். ஒன்று என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

"தெரியல டீச்சர்" என்றேன். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"வழுக்கும், பாத்து."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மகள் பின்னாலிருந்து சத்தம் போட்டாள். பனிமூட்டம் மண்மேட்டின் பாதியை மூடியிருந்தது. வெளிச்சம் இருந்தது. நின்று பார்த்தபோது ஒன்றாகத்தான் தெரிந்தது. கிட்டப் போய்க் குனிந்தேன், அப்போதும் ஒன்றுதான். குடையை மடக்கிப் புல்லில் வைத்தேன். இந்த வயதில் முழங்கால் மடிய நேரம் எடுத்தது. கன்னம் ஈரப் புல்லில் படும் அளவுக்குத் தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தேன். அது வாலை மெல்ல முறுக்கித் தூக்கியது. நான் தொடவில்லை.

சேற்றுக் கையோடு அங்கிருந்தே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஒண்ணுன்னுதான் நெனச்சேன் டீச்சர்" என்றேன். "தப்பு. ரெண்டு."